முப்பது லட்சம் செலவழித்து இங்கிலாந்தில் தொல்லியல் படிக்கலாமா?

பானையோடு (பெரம்பூர்), ஜனவரி 24

வணக்கம். இரண்டு ஆண்டுகளாக இந்த மன்றத்தில் நீங்கள் எழுதுவதையெல்லாம் சத்தமில்லாமல் படித்து வந்தேன். இப்போது எனக்கே யோசனை தேவைப்படுகிறது.

சென்னையில் பி.ஏ. வரலாறு முடித்து, பிறகு எம்.ஏ. பண்டைய வரலாறும் தொல்லியலும் படித்தேன். இங்கிலாந்தில் ஒரு பல்கலைக்கழகம் சுற்றுச்சூழல் தொல்லியலில் ஓராண்டு எம்.எஸ்சி. படிப்புக்கு இடம் கொடுத்திருக்கிறது. எனக்கு வேண்டியது அதிலுள்ள தாவரத் தொல்லியல், அதாவது கருகிய விதைகளைப் படிப்பது. கட்டணம் மட்டும் 26,000 பவுண்டு, நம் பணத்தில் முப்பது லட்சம். மார்ச் 31க்குள் முன்பணம் கட்டவேண்டும். செப்டம்பர் கடைசியில் வகுப்பு தொடங்கும்.

அப்பா ஐ.சி.எஃப். ரயில்பெட்டித் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். "மண்ணைத் தோண்டுவதற்கு முப்பது லட்சமா? அந்தப் பணத்தில் ஆவடிக்கு அப்பால் ஒரு மனை வாங்கலாமே" என்கிறார். அம்மா இதுவரை ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் பயமாக இருக்கிறது.

இந்த ஆசை தூத்துக்குடி மாவட்டத்துச் சிவகளைத் தோண்டலில் தொடங்கியது. அங்கே தாழிக்குள் மண்ணோடு கிடந்த நெல்லை அமெரிக்காவில் ஓர் ஆய்வகத்துக்கு அனுப்பி கி.மு. 1155 என்று காலம் கணித்தார்கள் அல்லவா? அந்த வாரம் முழுக்க எல்லோரும் ஆண்டைப் பற்றியே பேசினார்கள். எனக்கு நெல்லைப் பற்றித்தான் கேள்வி. ஆற்றுப் பாசனத்தில் விளைந்ததா, மானாவாரியா? அந்த வயலில் என்ன களை முளைத்தது? கல்லூரியில் கேட்டேன். "அதற்கெல்லாம் இங்கே ஆள் குறைவம்மா" என்றார் ஆசிரியர்.

போகலாமா, வேண்டாமா?

நூல்கட்டியவன் (வேளச்சேரி), ஜனவரி 24

தங்கையே, குழிக்குள் இறங்கியிருக்கிறாயா? கல்லூரிச் சுற்றுலாவில் குழியோரம் நின்று படம் எடுத்துக்கொண்டதைக் கேட்கவில்லை.

நான் தென்மாவட்டங்களில் மூன்று பருவம் வேலை பார்த்தேன். முதல் மாதம் முழுக்க முளைக்குச்சி அடித்து நூல் கட்டியதுதான் என் தொல்லியல். பத்து மீட்டருக்குப் பத்து மீட்டர், அதை நான்காகப் பிரித்து நடுவே மண்சுவர் விடவேண்டும். மாலையில் மாடு ஒன்று நூலை மிதித்துவிட்டுப் போகும், காலையில் மறுபடியும் அளக்கவேண்டும். சுரண்டும் வேலை ஊர்ப் பெண்களுடையது. அவர்களில் ஓர் அக்காவுக்கு ஐம்பது வயதிருக்கும். களைக்கொட்டால் சுரண்டிக்கொண்டே வந்தவர் சட்டென்று கையை நிறுத்தி, "தம்பி, சத்தம் மாறுகிறது" என்றார். எனக்கு ஒரு மாற்றமும் கேட்கவில்லை. தூரிகை போட்டுத் துடைத்துக்கொண்டே போனோம். இரண்டு விரற்கடை கீழே செங்கல் தளம்.

அந்தக் காது எந்த நாட்டிலும் விலைக்குக் கிடைக்காது. இங்கே தோண்டல்கள் ஆண்டின் தொடக்கத்தில் ஆரம்பித்து மழைக்கு முன் முடிகின்றன. உன் வகுப்போ செப்டம்பரில்தான். பேராசிரியரிடம் கடிதம் வாங்கிக்கொண்டு ஒரு மாதமாவது வெயிலில் நின்று பார். பிறகும் ஆசை மிச்சமிருந்தால் போ.

சந்தேகப்பிராணி (திருவல்லிக்கேணி), ஜனவரி 25

எனக்கு இதன் அடிப்படையே புரியவில்லை. 1876இல் ஜாகோர் என்ற ஜெர்மானியர் ஆதிச்சநல்லூரில் தோண்டி அள்ளிக்கொண்டு போனவை பெர்லினுக்குப் போய்ச் சேர்ந்தன. அமராவதிச் சிற்பங்களில் ஒரு பங்கு எழும்பூர் அருங்காட்சியகத்தில், ஒரு பங்கு லண்டனில். கொண்டுபோனவர்களிடமே நாம் பணம் கட்டிப் பாடம் கேட்கவேண்டுமா? தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகம் இருக்கிறது, புனேவில் தக்காணக் கல்லூரி இருக்கிறது. எழும்பூரில் இருக்கும் அரசுத் தொல்லியல் துறையே கல்வெட்டோடு சேர்த்துப் பட்டயப் படிப்பு நடத்துகிறது. பெரம்பூரிலிருந்து எழும்பூர் எத்தனை தூரம்?

எழும்பூர்நடை (புரசைவாக்கம்), ஜனவரி 25

ஐயா, கோபம் புரிகிறது. ஆனால் கதையை முழுதாகச் சொல்லுங்கள். 1863 மே மாதம் பல்லாவரத்தில் ராபர்ட் புரூஸ் ஃபூட் ஒரு கற்கோடரியைக் கையில் எடுத்தார். இந்தியாவின் கற்காலம் வெளியே தெரிந்தது அங்கேதான். அவருடைய சேகரிப்பு லண்டனுக்குப் போகவில்லை, நம் எழும்பூர் அருங்காட்சியகத்துக்குத்தான் வந்தது. ஓய்வு பெற்ற பிறகு மாதம் ஒரு முறை போய்ப் பார்க்கிறேன். பெரும்பாலும் கூடத்தில் நானும் காவலரும் மட்டும்தான் இருப்போம்.

அதே 1863இல் அவர் கண்ட அதிரம்பாக்கம் கொற்றலையாற்றுப் படுகையில் இருக்கிறது, இங்கிருந்து அறுபது கிலோமீட்டர். நம் ஊரைச் சேர்ந்த சாந்தி பப்புவின் குழுவினர் அங்கே ஆண்டுக்கணக்கில் தோண்டி, பிரெஞ்சு ஆய்வாளர்களோடு சேர்ந்து காலம் கணித்தார்கள். கற்கருவிகளின் வயது சுமார் 15 லட்சம் ஆண்டு என்று 2011இல் வெளியிட்டார்கள். தோண்டியவர்கள் நம்மவர்கள், காலம் கணித்த கருவி அவர்களுடையது. இதில் என்ன இழுக்கு? அந்தக் கருவியை இயக்கத் தெரிந்த ஒரு பெண் பெரம்பூரில் இருந்தால் உங்களுக்குக் கசக்குமா?

உள்நாட்டுப் படிப்பும் எப்போதும் நமக்குக் கதவைத் திறந்துவைத்துக் காத்திருந்ததாகச் சொல்ல முடியாது. 2020இல் மத்தியத் தொல்லியல் துறையின் கிரேட்டர் நொய்டா நிறுவனம் பட்டயப் படிப்புக்கு அறிவிப்பு கொடுத்தபோது, தகுதியான செம்மொழிகளின் பட்டியலில் தமிழையே விட்டுவிட்டார்கள். கூச்சல் எழுந்த பிறகுதான் சேர்த்தார்கள்.

சந்தேகப்பிராணி, ஜனவரி 25

கசக்காது ஐயா. அவள் திரும்பி வந்தால்.

வட்டிக்கணக்கு (அம்பத்தூர்), ஜனவரி 26

முப்பத்தோரு ஆண்டு வங்கியில் இருந்தவன். யாருமே பணத்தைப் பேசவில்லையே.

கல்விக்கடன் ஏழரை லட்சத்தைத் தாண்டினால் வங்கிகள் பொதுவாக ஈடு கேட்கும். அப்பாவின் வீடு அல்லது வைப்புத்தொகை என்று வரும். வீட்டுப் பத்திரம் தாத்தா பெயரிலேயே இருந்தால் அதைச் சரிசெய்யவே மாதங்கள் ஓடும், ஆகவே இன்றே எடுத்துப் பாருங்கள். படிக்கும் காலத்திலும் வட்டி ஏறிக்கொண்டே இருக்கும். தவணை பிறகுதானே என்று அதை மறந்துவிடாதீர்கள்.

விசாவுக்குச் சேமிப்பிலிருந்து செலவைக் காட்டுவதானால், கட்டணத்தோடு ஒன்பது மாத வாழ்க்கைச் செலவும் தொடர்ந்து 28 நாள் கணக்கில் இருக்கவேண்டும். ஒரே ஒரு நாள் குறைந்தாலும் விசா மறுக்கப்படும். என் வாடிக்கையாளர் ஒருவரின் மகனுக்கு 26ஆம் நாள் வீட்டுக்கடன் தவணை தானாகப் பிடிக்கப்பட்டு மொத்தமும் வீணாயிற்று. காசநோய்ப் பரிசோதனைச் சான்றும் வேண்டும். மருத்துவக் கட்டணமாக ஆண்டுக்கு 776 பவுண்டு முன்கூட்டியே வாங்கிக்கொள்வார்கள்.

அப்பாவிடம் "கனவு" என்று பேசாதீர்கள் அம்மா. ஒரு தாளில் மாதத் தவணையை எழுதி, அதை எந்தச் சம்பளத்திலிருந்து கட்டுவீர்கள் என்று எழுதிக் காட்டுங்கள். அந்த இரண்டாவது வரியை எழுத முடியவில்லை என்றால், விடை உங்களுக்கே தெரிந்துவிடும்.

நெக்கர்க்கரை (இப்போது ஜெர்மனி, சொந்த ஊர் தாம்பரம்), ஜனவரி 27

கட்டணம்தான் கவலை என்றால் ஜெர்மனியையும் பாருங்கள். பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்களில் கல்விக் கட்டணம் கிடையாது. டியூபிங்கன், ஹைடல்பெர்க் இருக்கும் மாநிலத்தில் நம்மைப் போன்ற வெளிநாட்டவரிடம் அரையாண்டுக்கு 1,500 யூரோ வாங்குகிறார்கள். அதுவும் உங்கள் 26,000க்கு முன்னால் தூசு. டியூபிங்கனில் தொல்லியல் அறிவியலை ஆங்கிலத்திலேயே படிக்கலாம், தாவரத் தொல்லியலுக்கும் பெயர் பெற்ற இடம்.

ஆனால் ஓராண்டுக்கான செலவுப் பணத்தை முடக்கக் கணக்கில் (மாதம் ஒரு பகுதி மட்டும் எடுக்க முடிகிற வங்கிக் கணக்கு) போட்டுக் காட்டவேண்டும். இப்போது அது 11,904 யூரோ. இந்தியர்களுக்கு ஏ.பி.எஸ். என்ற சான்றிதழ் சரிபார்ப்பும் உண்டு. அதற்கு உடனே விண்ணப்பியுங்கள், பிறகு பார்க்கலாம் என்று இருந்ததால் நான் ஒரு பருவத்தை இழந்தேன். வகுப்பு ஆங்கிலத்தில் நடந்தாலும் தோண்டும் இடத்தில் ஜெர்மன்தான். குழியில் "நிறுத்து" என்று கத்தினார்கள், எனக்குப் புரிவதற்குள் ஓர் எலும்பு உடைந்துவிட்டது. (பன்றி எலும்புதான். இருந்தாலும் இரவு தூக்கம் வரவில்லை.)

கோட்டூர்புரம்வாசி, ஜனவரி 27

உதவித்தொகை பற்றிச் சுருக்கமாக. காமன்வெல்த், ஃபெலிக்ஸ், இன்லாக்ஸ் மூன்றையும் பாருங்கள். பிரிட்டிஷ் அரசின் செவனிங் உதவித்தொகைக்கு இரண்டு ஆண்டு வேலை அனுபவம் கேட்பார்கள். ஐரோப்பாவில் எராஸ்மஸ் முண்டுஸ் என்ற கூட்டு முதுகலைப் படிப்பு வரிசையில் ஆர்க்மாட் என்ற படிப்பு உண்டு. எவோரா, தெசலோனிகி, ரோம் மூன்று நகரங்களிலும் மாறி மாறிப் படிப்பது, தொல்பொருள்களின் மூலப்பொருள் ஆய்வு.

மத்திய அரசின் தேசிய அயல்நாட்டு உதவித்தொகையை நம்பியிருந்தால் ஓர் எச்சரிக்கை. பட்டியல் சாதியினர், நிலமற்ற விவசாயத் தொழிலாளர் குடும்பத்தினர் போன்றவர்களுக்கான அந்தத் திட்டத்தில், இந்தியப் பண்பாடு, மரபு, வரலாறு சார்ந்த தலைப்புகளுக்குப் பணம் கிடையாது என்று 2022இல் விதியை மாற்றினார்கள். ஆதிச்சநல்லூரை ஆராய்கிறேன் என்று எழுதினால் அங்கேயே முடிந்தது. தமிழக அரசின் அண்ணல் அம்பேத்கர் அயல்நாட்டு உயர்கல்வித் திட்டம் தனி. நீங்கள் எந்தப் பிரிவு என்று இங்கே சொல்லவேண்டாம், தகுதி இருந்தால் அந்த அறிவிக்கையை வரிவரியாகப் படியுங்கள்.

கரிவிதை (அடையாறு), ஜனவரி 29

நீ கேட்கும் அதே படிப்பை அதே நாட்டில் முடித்துத் திரும்பி வந்து ஆறு ஆண்டுகள் ஆகின்றன. அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்.

முதலில் சந்தேகப்பிராணி அண்ணாவுக்கு. எகிப்தில் செங்கடலோரம் பெரெனிகே என்ற பழைய துறைமுகம் இருக்கிறது. அங்கே ஒரு கோயிலில், இந்தியாவில் செய்த பெரிய சாடிக்குள் ஏழரை கிலோ மிளகு அப்படியே கிடைத்தது. அதே கடற்கரையில் குசெய்ர் அல்-காதிமில் "பானை ஒறி" (பானை வைக்கும் உறி) என்று தமிழில் கீறிய பானை ஓடு கிடைத்தது. நம் சரித்திரத்தில் பாதி நம் ஊருக்கு வெளியே கிடக்கிறது. அதைப் படிக்கத் தெரிந்த தமிழர்கள் எத்தனை பேர்? வெளிநாடு போவதைக் கும்பிடு போடுவதாக மட்டும் பார்க்காதீர்கள்.

இப்போது உனக்கு. வெறுமனே "தொல்லியல்" படிக்க அங்கே போகாதே. அதை இங்கேயே படித்துவிட்டாய். இங்கே கற்றுக்கொள்ள முடியாத ஒரு கைவேலையைக் குறிவைத்துப் போ. என் கணக்கில் நான் அந்த ஓராண்டில் வாங்கியது இரண்டே பொருள். ஒன்று, விதைகளை அடையாளம் காணும் கண். மற்றது, அந்தக் கண் தவறும்போது சரிபார்க்க உதவும் ஒப்பீட்டுச் சேகரிப்பைப் பயன்படுத்தும் பழக்கம். அலமாரி அலமாரியாகச் சின்னச் சின்னக் குப்பிகள், ஒவ்வொன்றிலும் பெயர் தெரிந்த ஒரு விதை. அதைத் தொட்டுப் படிக்க முடியாத இடத்தில் சேராதே. முன்பணம் கட்டுவதற்கு முன் துறைக்கு மின்னஞ்சல் எழுதி, தெற்காசியத் தானியங்கள் சேகரிப்பில் உண்டா, முதுகலை மாணவர்கள் கையாளலாமா என்று கேள். பதில் மழுப்பலாக வந்தால் பணத்தைக் கட்டாதே.

வேலை இப்படித்தான் இருக்கும். குழியிலிருந்து வாளி வாளியாக மண் வரும். பீப்பாய்த் தண்ணீரில் கொட்டிக் கலக்கினால் கரியும் கருகிய விதையும் மேலே மிதக்கும். அவற்றை மெல்லிய சல்லடையில் பிடித்து நிழலில் உலர்த்தி, நுண்ணோக்கியின் கீழே தட்டில் பரப்பி, ஈரத் தூரிகை நுனியால் ஒவ்வொன்றாக நகர்த்துவாய். ஒரு நாளில் ஒரு தீப்பெட்டி அளவு முடிந்தால் பெரிய காரியம். நெல் என்றால் மணியைவிட, அது காம்போடு ஒட்டியிருந்த அடிப்பகுதியைத் தேடுவாய். அந்தத் தழும்பு வழவழப்பாக இருந்தால் தானே உதிர்ந்த காட்டு நெல், பிய்த்தது போல் இருந்தால் மனிதன் அடித்து உதிர்த்த பயிர் நெல். களையைக் கேட்டாயே, அந்தக் கேள்விதான் சரியான கேள்வி. ஈர நிலக் கோரை விதைகள் கூடவே கிடைத்தால், வயலில் தண்ணீர் நின்றதா என்று யோசிக்கத் தொடங்கலாம்.

ஓராண்டு என்பதை நம்பாதே. செப்டம்பர் கடைசியில் போவாய், நவம்பரிலேயே ஆய்வேட்டுத் தலைப்பைக் கேட்பார்கள். சிவகளை மண் வேண்டும் என்று அப்போது சொன்னால் சிரிப்பார்கள். தோண்டிய துறையின் அனுமதி வேண்டும், தொல்பொருள் என்று வந்துவிட்டால் 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டம் குறுக்கே நிற்கும், மண்ணாகக் கொண்டுபோவதென்றால் அந்த நாட்டு உரிமமும் தேவை. இவையெல்லாம் ஒரு பருவத்துக்குள் நடக்காது. ஆகவே முதல் ஆய்வேட்டை அவர்களிடம் ஏற்கெனவே இருக்கும் மாதிரியை வைத்தே எழுது, கோதுமையாக இருந்தாலும் சரி.

மதிப்பெண் பற்றியும் சொல்லிவிடுகிறேன். முதல் கட்டுரைக்கு 62 வந்தது, குளியலறையில் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். அங்கே ஐம்பது தேர்ச்சி, எழுபது வந்தால் முதல் தரம் என்பது ஒரு வாரம் கழித்துத்தான் தெரிந்தது. என் கட்டுரையின் குறை என்னவென்றால், பெரியவர்கள் சொன்னதையெல்லாம் தொகுத்துவிட்டு நான் ஒன்றுமே சொல்லாமல் போனது. ஓரத்தில் பென்சிலால் "நீ என்ன நினைக்கிறாய்?" என்று எழுதியிருந்தார்கள். பதினேழு ஆண்டுப் படிப்பில் என்னை யாரும் அப்படிக் கேட்டதில்லை.

வேலையைப் பொறுத்தவரை, 1990 முதல் அங்கே கட்டடம் கட்டுபவரே முன்தோண்டலுக்கும் செலவு செய்யவேண்டும் என்று நடைமுறை வந்ததால் தனியார் தொல்லியல் நிறுவனங்கள் நிறைய உண்டு. ஆள் எடுப்பார்கள். ஆனால் 2025 ஜூலைக்குப் பிறகு வேலை விசாவுக்கான பொதுச் சம்பள வரம்பு 41,700 பவுண்டு, குழியில் நிற்கும் புதியவருக்கு அது எட்டாது. அங்கே சம்பாதித்துக் கடனை அடைப்பேன் என்ற கணக்கை அப்பாவிடம் காட்டாதே. நான் அதைக் காட்டித்தான் போனேன். கடன் போன ஆண்டுதான் முடிந்தது, அதுவும் நான்கு ஆண்டு பள்ளியில் வரலாறு கற்பித்துக் கட்டியது. போனதற்கு வருத்தப்படுகிறேனா என்றால், இல்லை. ஆனால் மறுபடி போவதானால் உதவித்தொகை கிடைக்கும்வரை காத்திருப்பேன்.

மகளை அனுப்பியவள் (மயிலாப்பூர்), ஜனவரி 30

இந்த அக்கா எழுதியதை அச்செடுத்து வைத்துக்கொள் கண்ணம்மா. என் பெண் போய் இரண்டு ஆண்டு ஆகிறது. பட்டுப் பாவாடையெல்லாம் அடுக்கி அனுப்பினேன், அவள் கேட்டதோ விரல் நசுங்காத இரும்பு முனைக் காலணியும் மழை உடையும். மழையில் தோண்டுவார்களாம்! முதல் வாரம் தொலைபேசியில் ஒன்றும் சொல்லாமல் மூக்கை உறிஞ்சிக்கொண்டே இருந்தாள். அழுகிறாள் என்று நினைத்து நானும் அழுதேன். சளியாம்.

உன் அம்மா பேசாமல் இருப்பது கோபமாக இருக்காது. கணக்குப் போட்டுக்கொண்டிருப்பார்.

பானையோடு, மார்ச் 19

எல்லோருக்கும் நன்றி. துறைக்கு எழுதினேன். மூன்றாம் நாள் பதில் வந்தது. சேகரிப்பில் இந்தியச் சிறுதானியங்கள் உண்டு, முதுகலை மாணவர்கள் கையாளலாம் என்றார்கள். கூடவே, கட்டணத்தில் ஒரு பங்கைக் குறைக்கும் துறை உதவித்தொகை இருப்பதைச் சொல்லி விண்ணப்பிக்கச் சொன்னார்கள். விண்ணப்பித்தேன், 10,000 பவுண்டு குறைந்தது! கேட்டிருக்காவிட்டால் தெரிந்தே இருக்காது.

வட்டிக்கணக்கு ஐயா சொன்னபடி தாளில் எழுதினேன். இரண்டாவது வரியில், ஊர் திரும்பிக் கல்லூரியிலோ பள்ளியிலோ கற்பிக்கும் சம்பளம் என்று எழுதினேன். அப்பா வெகுநேரம் பார்த்துவிட்டு, "இது உண்மைக் கணக்கு" என்றார். அம்மா அன்றுதான் வாயைத் திறந்தார்: "என் நகையை ஈட்டில் சேர்க்காதே. மற்றதெல்லாம் உங்கள் பாடு." முன்பணம் கட்டிவிட்டேன்.

பானையோடு, ஜூன் 8

நூல்கட்டியவன் அண்ணா, ஐந்து வாரம் குழியில் இருந்தேன். நூலும் கட்டினேன். மாடு வரவில்லை, ஆடு வந்தது. சத்தம் மாறுவது ஒரே ஒரு முறை எனக்கும் கேட்டது என்று நினைத்தேன். வேர்.

கரிவிதை அக்கா, வீட்டில் ஒரு சோதனை செய்தேன். கொத்தவால்சாவடியில் தினை, சாமை, வரகு, பனிவரகு, குதிரைவாலி ஐந்தும் வாங்கி, மணலில் போட்டுக் கருகும்வரை வறுத்தேன். சமையலறை முழுக்கப் புகை. மாடி வீட்டுக்காரர் ஓடி வந்துவிட்டார். அம்மாவின் ஆப்பச்சட்டி போயிற்று. கருகிய பிறகு ஐந்தும் ஒன்று போலவே தெரிகின்றன. எப்படிப் பிரிப்பது?

கரிவிதை, ஜூன் 8

இதை யாரும் சொல்லாமலே செய்தாயே! முளைக்கரு இருந்த பள்ளத்தைப் பார். தினையில் அந்தப் பள்ளம் நீளமாக, மணியின் பாதிக்கும் மேலே ஏறி நிற்கும். பனிவரகில் குட்டையாக, அகலமாக இருக்கும். மற்ற மூன்றும் எனக்கே இன்னும் தகராறு. ஒவ்வொன்றிலும் ஐம்பது மணி எடுத்து நீள அகலம் அளந்து எழுதிவை. ஆப்பச்சட்டியை அம்மா கண்ணில் படாமல் வை.

பானையோடு (இப்போது இங்கிலாந்து), அக்டோபர் 14

வந்து மூன்று வாரம் ஆயிற்று. மழை, மழை, மழை. முதல் செய்முறை வகுப்பில் ஒரு தட்டில் மண்ணைக் கொடுத்து நிறம் கேட்டார்கள். "செம்மண்" என்றேன். "எந்தச் சிவப்பு?" என்று, மண் நிறத்தை ஒப்பிட்டுப் பார்க்கும் மன்செல் வண்ணப் புத்தகத்தை நீட்டினார்கள். அதில் சிவப்புக்கு மட்டும் பக்கம் பக்கமாகக் கட்டங்கள். செவலை, செம்மண், வண்டல், கரிசல் என்று நமக்கிருக்கும் சொற்களை அந்தக் கட்டங்களில் எங்கே வைப்பது என்று புரியாமல் அரைமணி நேரம் உட்கார்ந்திருந்தேன்.

நேற்று விதை வகுப்பு. பெயர் சொல்லாமல் பன்னிரண்டு தட்டுகள். தினையையும் பனிவரகையும் பார்த்த உடனே எழுதிவிட்டேன், ஆசிரியர் திரும்பிப் பார்த்தார். அடுத்த தட்டில் கோதுமையா பார்லியா என்று தெரியாமல் விழித்தேன். பக்கத்தில் ஒரு கிரேக்கப் பெண். அவளுக்குப் பார்லி தூக்கத்தில்கூடத் தெரிகிறது, தினைதான் தெரியவில்லை. இரவு அவள் அறையில் இருவரும் தட்டை மாற்றி மாற்றிப் படித்தோம்.

அக்கா, ஒரு சந்தேகம். பார்லி மணிகளில் சில நேராகவும் சில ஒரு பக்கம் கோணியும் இருக்கின்றன. கருகும்போது கோணியதா?

கரிவிதை, அக்டோபர் 14

இல்லை, அது கதிரிலேயே வந்த கோணல். ஆறு வரிசைக் கதிரில் பக்கத்து மணிகள் இடமில்லாமல் நெருங்கி முறுக்கிக்கொள்ளும், நடுமணி மட்டும் நேராக இருக்கும். நேரான ஒன்றுக்குக் கோணல் இரண்டு என்ற கணக்கில் கிடைத்தால் ஆறு வரிசைப் பார்லி என்று எழுது. எல்லாம் நேராகவே இருந்தால் இரண்டு வரிசை. எண்ணிப் பார்த்துச் சொல்.

அம்மாவுக்கு வேறு ஆப்பச்சட்டி வாங்கிக் கொடுத்தாயா?

பானையோடு, அக்டோபர் 15

எண்ணினேன். 41 நேர், 79 கோணல்.

சட்டி இன்னும் வாங்கவில்லை.